கேள்விக்குறிகளின் மன்றாட்டு

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா இன்று காலை ஒரு பென்டிரைவ் கொண்டுவந்தார்.

அவர் கணவர் தோணியில் மாலத்தீவுக்குப் போனவர். தோணியும் வரவில்லை, உடலும் வரவில்லை. புறப்படுவதற்கு முந்தின மாலை, ஒருவர் முன்வரி சொல்ல மற்றவர் பதில்வரி சொல்லும் மன்றாட்டு மாலை ஒன்றைத் தானே எழுதி, ஒருமுறை வீட்டில் சொல்லிக் காட்டினாராம். அது இந்தப் பென்டிரைவில் இருக்கிறது. நாளை அவருடைய ஆண்டு நினைவுச் செபத்தில் அதைச் சொல்ல வேண்டும்.

"தொறந்தா வெறும் கேள்விக்குறியா வருது. நீ கம்ப்யூட்டர்ல பைத்தான்லாம் படிச்சிருக்கேல்லா, மாத்திக் குடுலே."

எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் குறியாக்கத்தில் ஏதோ சிக்கல், அவ்வளவுதானே என்று உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த எல்லாக் குறியாக்கங்களிலும் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் கோப்பில் உள்ள மூல பைட்டுகளையே திரையில் கொண்டுவந்து பார்த்தேன். அங்கும் கேள்விக்குறிகள்தான். தமிழ் அறியாத ஏதோ குறியாக்கத்தில் யாரோ சேமித்துவிட்டார்கள். எழுத்துகள் மறைந்திருக்கவில்லை. அழிந்திருந்தன.

"இது வராதுக்கா."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு வரி முடிவுலயும் ஒரே நீளத்துல ரெண்டு சொல்லு நிக்குல்லா? அது நான் சொல்லுதது. முன்னால கெடக்கது அவுக சொல்லுதது."

முதல் வரியில் விரலை வைத்தார். கேள்விக்குறிகளின் மேல் மெல்ல நகர்த்தினார்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அடுத்த வரி. நீளமான வரிகளில் நீளமாகக் காத்திருந்தார். யாரோ சொல்லி முடிக்கட்டும் என்பதுபோல. கடைசி வரிவரை அப்படித்தான்.

பிறகு, "இதையே பிரிண்ட் எடுத்துக் குடு" என்றார்.

நாளைச் செபத்துக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார். முன்வரியை யார் சொல்வார்கள் என்று நான் கேட்கவில்லை.

தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. பைத்தான் தெரிந்தவர்கள் யாராவது கூட வருகிறீர்களா?