பழைய வால்வை எடுக்காமல்

பிப்ரவரி 12, புதன்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். புதுச்சேரி விடுதி அறையில் வெந்நீர் வரவில்லை. பச்சைத் தண்ணீரில் குளித்தேன். 6.00 தேநீர். 6.15 சித்திக்குச் சர்க்கரை மாத்திரை. 6.40க்கு இருவரும் மருத்துவமனையில் இருந்தோம். செவிலியர் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டி, "தாத்தாவோட பொருளுங்க, சரிபாத்துக்குங்க" என்றார். மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், வெள்ளி அரைஞாண், மரப்பிடி போட்ட ஓரடி நீளத் திருப்புளி. கடைசிப் பொருளைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. "இத எதுக்குங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தாரு?" சித்தி அதை மட்டும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தத் தாத்தா என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. வரிச்சிக்குடியில் இருந்துகொண்டு சுற்றுப்பட்டு வயல்களில் நாற்பது வருடத்துக்கு மேலாகப் பம்புசெட் மோட்டார் பழுதுபார்க்கிறவர். எந்த மோட்டாரையும் திறப்பதற்கு முன் திருப்புளியின் முனையை அதன்மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்பது சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் மறுபடி கேட்டுவிட்டு, "ஓடுது" என்பார். அதற்கு மேல் ஒரு மோட்டாரை அவர் பாராட்டி நான் கேட்டதில்லை. தொழிலில் ஒரு பிடிவாதமும் உண்டு. குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு கெட்டால் முழுக் குழாயையும் மேலே தூக்கி, பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் புதியதை மாட்டுவார். "பழச உள்ள வச்சுக்கிட்டுப் புதுசு மாட்டுறது வேலையில்ல, ஏமாத்து" என்பது அவர் கட்சி.

அந்தத் தையில் அவர் வரப்பிலேயே மயங்கி விழுந்தார். காரைக்காலில் பார்த்த மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்ததும், "சத்தம் இருக்கு" என்றார். "சத்தம் இருந்தா தேய்மானந்தான்" என்று சித்தப்பாவே சொல்லிக்கொண்டார். நான் புதுச்சேரிக்கு அழைத்துப்போனேன். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் இருக்கும் வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது. இப்படியே விட்டால் அடுத்த மயக்கத்திலிருந்து எழுந்திருப்பார் என்று சொல்ல முடியாது. நுரையீரலும் பலவீனமாக இருப்பதால் நெஞ்சைத் திறப்பது சரிவராது. தொடை ரத்தக்குழாய் வழியாகப் புதிய வால்வைச் சுருக்கிக் கொண்டுபோய் உள்ளே விரித்துவிடலாம் என்றார் அங்கிருந்த பெண் மருத்துவர். ஆபத்தே இல்லை என்று அவர் சொல்லவில்லை. சித்தப்பா கேட்டது ஒன்றுதான்.

"பழசு?"

"அது அங்கயேதாங்க இருக்கும். புதுசு விரிஞ்சு அத ஓரமா ஒதுக்கிடும்."

சித்தப்பா எழுந்து செருப்பை மாட்டினார். "பாப்பா, கெளம்பு." ஐம்பத்தொரு வயதிலும் அவருக்கு நான் பாப்பாதான்.

அதன்பின் பதினோரு நாள் என் நாட்குறிப்பில் ஒரே வரி: "சித்தப்பா, மாட்டேன்." அலுவலகம் முடிந்து தினமும் வரிச்சிக்குடிக்குப் பேருந்தில் போய், அதே பதிலை வாங்கிக்கொண்டு திரும்பினேன். பயம் என்றால் தேற்றியிருக்கலாம். அவருக்கு அது தப்பான வேலையாகப் பட்டது. தன் வாழ்நாளெல்லாம் திட்டிய வேலையைத் தன் உடம்பிலேயே செய்துகொள்வதா?

பன்னிரண்டாம் நாள் சித்தி மீன் கழுவிக்கொண்டே கேட்டார். "ஏங்க, விழிதியூர்ல அந்தப் பழைய போர்வெல்லுல இரும்புக் கொழாய் இத்துப்போச்சே, அத உருவிட்டா புதுசு எறக்குனீங்க?"

"அத எப்புடி உருவுறது? உருவுனா போரே இடிஞ்சி உக்காந்துரும்."

"அப்ப என்ன பண்ணுனீங்க?"

"உள்ளாறயே சின்னக் கொழாய எறக்கு..." பாதியில் நிறுத்தினார்.

"அது வேலை. டாக்டரம்மா செஞ்சா மட்டும் ஏமாத்தாக்கும்" என்று சொல்லிவிட்டுச் சித்தி மீன் சட்டியோடு உள்ளே போனார்.

"இவ வாய்க்கு ஒரு வால்வு வச்சா தேவல" என்றார் சித்தப்பா. நான் பேருந்துக்குக் கிளம்பும்போதுதான் வாசல்வரை வந்தார். "பாப்பா, அந்தம்மாகிட்ட ஒண்ணு கேளு. புதுசுக்கு அளவு எப்புடி எடுப்பாங்கன்னு." போனில் கேட்டேன். ஸ்கேன் எடுத்து மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்கள் என்று சொன்னார்கள். "அளந்துதான் மாட்டுறாங்களா, சரி" என்றார் சித்தப்பா. அன்றைய வரி: "சித்தப்பா, சரி."

அந்தப் புதன்கிழமை 8.05க்கு உள்ளே கொண்டுபோனார்கள். சித்தி திருப்புளியின் மரப்பிடியைக் கட்டைவிரலால் தேய்த்தபடியே இருந்தார். 10.20க்கு மருத்துவர் வந்து, "மாட்டியாச்சு. நல்லா மூச்சு விடுறாரு" என்றார். காலையில் விடுதியில் தந்த இட்லிப் பொட்டலத்தைச் சித்தி அப்போதுதான் பிரித்தார். நாட்குறிப்பின் இந்தப் பக்கத்தைப் புரட்டும் இன்று சித்தப்பா சுரக்குடியில் யார் வயலிலோ மோட்டார் முன்னால் குந்தியிருப்பார். முன்போல மூச்சு வாங்கி வரப்பில் நின்று நின்று போவதெல்லாம் இப்போது இல்லை. அன்று இரவோ, இது நிலைக்குமா என்று யாருக்கும் உறுதியில்லை.

பிப்ரவரி 13, வியாழக்கிழமை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி. "நீ போ. நீதான் ஒண்ணு விடாம எழுதி வப்ப" என்று சித்தி என்னை அனுப்பினார். 7.20க்கு மருத்துவர் வந்து சித்தப்பாவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

"சத்தம் எப்புடிங்கம்மா?"

மருத்துவர் சிரித்து, தன் காதிலிருந்து அதைக் கழற்றிச் சித்தப்பாவின் காதில் மாட்டிவிட்டார். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். என் கடிகாரத்தில் நாற்பது நொடி. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

வெளியே சித்தி திருப்புளியோடு எழுந்து நின்றார். "என்ன சொல்றாரு?"

"ஓடுதாம், சித்தி."