பூதிகோட்டையில் வளர்ந்த ஏழு மாதம்

போன ஆடியில் என் மனைவிக்குக் கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. ஒரு மாதம் புத்தகத்தைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். கதை படிக்காமல் அவளால் இருக்க முடியாது. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் வாங்கித் தந்த நாவல் ஒன்று பாதியில் நின்றிருந்தது.

"நீங்க படிச்சுக் காட்டுங்களேன்" என்றாள்.

தொழிற்சாலையில் மிஷின் டிராயிங் பார்த்தே ரிட்டையர் ஆனவன் நான். நாவல் படித்த பழக்கமில்லை. என்றாலும் தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் உட்கார்ந்து படித்தேன்.

கதை, பர்மாவில் குண்டு விழுந்த காலத்தில் நடப்பது. ரங்கூன் துறைமுகத்தில் கப்பலேறும் நெரிசலில் ஒரு தாய் தன் கைக்குழந்தையை முன்னால் ஏறிய பெண்ணிடம் கொடுத்துவிட்டு மூட்டையை எடுக்கத் திரும்புகிறாள். அதற்குள் ஏணியை இழுத்துவிடுகிறார்கள். கப்பல் போய்விடுகிறது. அவள் காட்டுவழியே நடந்து இந்தியா வந்து, இரண்டு வருடம் தேடிக் கடைசியில் அந்தப் பெண்ணிடம் வளரும் மகளைக் கண்டுபிடிக்கிறாள். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை அவளைப் பார்த்ததும் "அம்மா" என்று ஓடி வந்து கட்டிக்கொள்கிறது.

அந்த வரியை இரண்டாம் முறையும் படித்தேன்.

"நிறுத்துங்க. பொய்யி" என்றாள் மனைவி.

"இன்னா பொய்யி?"

"கொழந்த அப்டி ஓடி வராது."

எங்கள் மகளுக்கு ஐந்து மாதமானபோது இவளுக்கு டிபி வந்துவிட்டது. குழந்தையைப் பக்கத்திலேயே விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பூதிகோட்டையில் இருந்த இவளுடைய அக்கா வந்து தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஏழு மாதம் கழித்து, இவளுக்கு உடம்பு தேறியதும் குழந்தையைக் கூட்டி வந்தோம். என்னைப் பொறுத்தவரை அதோடு முடிந்துபோன விஷயம் அது.

"நீங்க செகண்ட் ஷிஃப்டுக்குப் போய்டுவீங்க. நான் கைய நீட்டுனா மூஞ்சத் திருப்பிக்கும். கதவாண்ட போய் நின்னுகினு அம்மா அம்மான்னு அழும். என்ன இல்ல, அக்காவ கூப்புடுது. கடைசியில அக்கா கட்டிப் பழசான பொடவ ஒண்ணத் தொவைக்காம குடுத்தனுப்பச் சொன்னேன். அத்தக் கட்டிகினப்புறம்தான் என் மடியில படுத்துச்சு."

எனக்கு அந்தப் புடவை ஞாபகம் வந்தது. நல்ல புடவை பெட்டியில் இருக்கும்போது இந்தக் கந்தலை ஏன் கட்டிக்கொண்டு திரிகிறாய் என்று நான் கத்தியதும் ஞாபகம் வந்தது. அன்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"இன்னான்னு சொல்றது? பெத்த கொழந்த என்னப் பாத்து பயப்படுதுன்னா?"

நான் புத்தகத்தை மூடி வைத்தேன். அவள் கேட்டாள். "கப்பல்ல கொழந்தய வாங்கிகினாளே, ரெண்டு வருசம் வளத்தவ. அவ அப்பறம் இன்னா ஆனாளாம்?"

மிச்சமிருந்த பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"நாளைக்கு பூதிகோட்டைக்குப் போலாங்க."

"கண்ணுல தூசு படும்."

"கண்ணாடி போட்டுக்கறேன்."

அவளுடைய அக்கா இப்போது தனியாக இருக்கிறாள். கணவர் காலமாகிவிட்டார். காப்பி கொடுத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்ததுமே இவள் கேட்டுவிட்டாள்.

"அக்கா, பாப்பாவ நாங்க தூக்கினு போனப்போ நீ இன்னா பண்ண?"

அக்கா சிரித்தாள். "இன்னா, இப்ப வந்து அத்தக் கேக்குற?"

"சொல்லுக்கா."

அவள் டம்ளர்களை நகர்த்தி வைத்தாள். "நீங்க பஸ்ஸு ஏறினதும் வந்து தொட்டிலக் கழட்டப் போனேன். கை வரல. பத்து நாளு அப்டியே தொங்கினு இருந்துச்சு. நான் கடைக்குப் போயிருந்தப்ப உங்க மாமா கழட்டி எடுத்து வெச்சுட்டாரு. அவரோட ஒரு வாரம் பேசல நானு."

"ஒரு வார்த்த சொல்லலியேக்கா."

"நீயே அப்பத்தான் படுக்கையிலேர்ந்து எழுந்திருந்த. ஒங்கிட்ட போய் இன்னாத்தச் சொல்றது?"

இவள் அழுதாள். ஆபரேஷன் செய்த கண், அழக்கூடாது என்று அக்கா முந்தானையால் மெதுவாக ஒற்றிவிட்டாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வீடு திரும்பியதும் மனைவி மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். பெரியம்மா தன்னை வளர்த்தாள் என்பது மகளுக்குத் தெரியும், இதெல்லாம் தெரியாது. அந்தச் சனிக்கிழமை அவள் பெங்களூரிலிருந்து நேராகப் பூதிகோட்டைக்குப் போய் இரண்டு நாள் தங்கினாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.