மாம்பழம் போட்ட கிண்ணம்

மருமகன் அடுப்படிக்குள் வந்து நின்றபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார், தலையில் இருந்த தொப்பியைக்கூட எடுக்கவில்லை. "மாமி, இண்டைக்கு நான் ஆக்குறேன். நீங்க போய் இரிங்க" என்றார். நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சுவரோடு ஒதுங்கினேன். எங்கள் வீடுகளில் மருமகனுக்கு மாமிதான் ஆக்கிப் போடுவாள். அவர் சாப்பிடும்போது கதவுக்குப் பின்னால் நின்று "இன்னும் கொஞ்சம் வெக்கட்டா?" என்று கேட்பாள். மருமகன் ஆக்கி மாமி சாப்பிட்ட கதையை மாத்தளையில் நான் யார் வாயிலும் கேட்டதில்லை.

அவருக்குச் சமைக்கத் தெரியும், அது எனக்கும் தெரியும். தம்புள்ளைப் பக்கம் ஒரு ஹோட்டலில் அவருக்குக் குசினியில் ஆக்குகிற வேலைதான். கலியாணம் முடித்ததிலிருந்து எங்கள் வழக்கப்படி எங்களோடுதான் இருக்கிறார். வேலைத்தலத்தில் நூறு பேருக்கு ஆக்கட்டும், அது அவர் பாடு. என் வீட்டில் அவர் அடுப்பு மூட்டினால் ஊர் என்ன சொல்லும்? மாமிக்கு ஏலாமல் போய்விட்டதா என்று கேட்கமாட்டார்களா?

ஏன் இன்றைக்கு என்று யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. என் கறியில் ஏதும் குறையா? கொஞ்ச நாளாகவே மகள் நான் வைத்த சோற்றைக் கிண்டிவிட்டு எழும்பிப் போய்க்கொண்டிருந்தாள். வெங்காயம் தாளித்தால் அறைக் கதவைச் சாத்துவாள். கருவாடு பொரித்தால் வாசலுக்குப் போய் நிற்பாள். இதைப் படிக்கிற பெண்களுக்கு இப்போதே விஷயம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. என் மேல் உள்ள கோபத்தில் செய்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். காதில் விழுந்த அன்றைக்கே நான் பல்லேபொலையில் இருக்கிற மச்சிக்குப் போன் எடுத்தேன், பக்கத்து வீடுகளுக்கு வட்டிலப்பம் அனுப்பினேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த பெண்ணுக்குக்கூடச் சொன்னேன். மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துபோனது. சந்தோஷத்தைக் கேட்ட அத்தனை பேரும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். என்ன சாப்பிட்டாள், எதைத் தூக்கினாள், எங்கே போனாள் என்று ஒவ்வொருத்தியும் கேட்டாள். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவது குறைந்துபோனது. நான் செய்தது பிழை என்று இன்றைக்கும் எனக்கு முழுசாகத் தோன்றவில்லை. சந்தோஷம் வந்தால் சொல்லாமல் எப்படி இருப்பது? எனக்கு வயிற்றில் ஒன்றும் தங்காது, படைப்பே அப்படி.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. முந்தின கிழமை மருமகன் வாசலில் நின்று யாரோடோ சிங்களத்தில் போன் கதைத்துக்கொண்டிருந்தார். தம்புள்ளைப் பாதையில் இருக்கிற நாலந்தாவில் இரண்டு அறை வீடு, வாடகை எவ்வளவு, எப்போது வரலாம் என்று கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்பது அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். வேலைக்குக் கிட்ட என்று சொல்லலாம்தான். ஆனால் இவ்வளவு நாள் தூரமாகத் தெரியாத வேலை இப்போது மட்டும் எப்படித் தூரமாகிப்போனது? எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவளைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் கோழி ஆக்கிப் போடுகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

போய் இருக்கச் சொன்னால் நான் போவேனா? கதவோரமாக நின்று பார்த்தேன். எலும்பில்லாத கோழியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினார். இஞ்சி, உள்ளி, மிளகுத்தூள், சோயா சோஸ் போட்டுப் பிரட்டி வைத்துவிட்டு, தாச்சியை நன்றாகக் காயவிட்டார். கோழியைப் போட்டதும் சத்தம் கூடம் வரைக்கும் போனது. கறிமிளகாயும் லீக்ஸும் நறுக்கிப் போட்டார். தேங்காய்ப்பால் இல்லை, கறித்தூள் இல்லை. பிறகு அலமாரியிலிருந்து கித்துள் பாணிப் போத்தலை எடுத்துக் கோழிக்கு மேலே ஊற்றினார். தயிருக்கு ஊற்றுகிற இனிப்புப் பாணி அது.

அடுத்தது அன்னாசி. மகளின் வாப்பா யட்டவத்தப் பக்கம் மிளகு வாங்கப் போனவர் சந்தையில் இரண்டு அன்னாசி வாங்கி வந்திருந்தார். அதில் ஒன்றில் பாதியைத் துண்டாக்கி மருமகன் தாச்சிக்குள் கொட்டப் போனார்.

"கோழிக்குள்ளயா மகன்?" என்று கேட்டேவிட்டேன். "அன்னாசியைப் புரியாணிக்குப் பக்கத்துல வெப்பாங்க. உள்ளுக்குப் போடுவாங்களா?"

"ரெண்டும் வயித்துக்குள்ள ஒண்டாத்தானே போகுது மாமி" என்று சிரித்தார். "வெள்ளக்காரங்க இதுக்கு வரிசையில நிக்கிறாங்க."

"அவங்களுக்குக் கொச்சிக்கா உறைப்பே தெரியாது. என்னத்தக் குடுத்தாலும் நிப்பாங்க" என்றேன்.

அதற்கும் சிரித்தார். நல்ல பிள்ளைதான், அதைச் சொல்லத்தான் வேண்டும். அன்னாசியைப் போடுவதற்கு முன்னால் தாச்சியிலிருந்து கொஞ்சம் கோழியை வேறாக எடுத்து ஒரு கோப்பையில் வைத்தார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால் மாமி மூக்கை நுழைக்கிறாள் என்று நினைப்பாரோ என்று கேட்கவில்லை.

எல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது. நான் வெங்காயம் உரிக்கிற நேரத்தில் அவர் சமையலையே முடித்துவிட்டார். நான் வடித்து வைத்திருந்த சம்பாச் சோற்றை நாலு கிண்ணத்தில் போட்டு, மூன்றுக்கு மேலே அன்னாசியோடு கோழியை வைத்தார். நாலாவதற்கு வேறாக எடுத்த கோழியில் கொஞ்சம் வைத்து, ஒரு கறுத்தக் கொழும்பான் மாம்பழத்தை வெட்டி அடுக்கினார். அன்னாசி போதாமல் போனதா என்று பார்த்தால், மிச்சப் பாதி பலகையிலேயே கிடந்தது. மற்றது தோல்கூடச் சீவாமல் இருந்தது. நாலு கிண்ணத்தையும் கொண்டுபோய் மேசையில் நாலு கதிரைக்கு முன்னால் வைத்துவிட்டு, உடுப்பு மாற்ற அறைக்குள் போனார்.

நான் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மருமகனுக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்து நான் வாயை மெல்ல வேண்டுமா? அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆளுக்கொரு கிண்ணம் எதற்கு? வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் சஹன்தான். ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றியிருந்து எல்லாரும் அதிலேயே கை வைத்துச் சாப்பிடுவோம். மருமகன் வந்த பிறகு ஆம்பிளைகளுக்கு ஒரு சஹன் கூடத்தில், எனக்கும் மகளுக்கும் ஒரு சஹன் அடுப்படியில். என்னோடு பேசாத நாட்களிலும் மகள் வெள்ளிக்கிழமை சஹனில் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு மிஞ்சியிருந்தது அதுதான். தனிக் கிண்ணம் எங்கள் வீட்டில் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி ஊற்ற எடுப்பது. இப்போது அதையும் பிரிக்கிறார்களா? நாலந்தா வீட்டுக்கு இங்கேயே ஒத்திகை பார்க்கிறார்களா?

கோபம் வந்தது. இரண்டு சஹனையும் இறக்கினேன். இரண்டு அன்னாசிக் கிண்ணத்தை ஒன்றில் கொட்டிக் கூடத்துப் பாயில் வைத்தேன். மற்ற அன்னாசிக் கிண்ணத்தையும் மாம்பழக் கிண்ணத்தையும் எங்கள் சஹனில் கொட்டி, கையாலேயே ஒன்றாகப் பிரட்டிவிட்டேன். கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன்.

மகளின் வாப்பா வந்து பாயில் உட்கார்ந்தார். மருமகன் சஹனைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. மாமனார் "இரிங்க மகன், ஆறப்போகுது" என்றதும் உட்கார்ந்துவிட்டார்.

மகள் அடுப்படிக்கு வந்தாள். கை கழுவிவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். சஹனைக் கண்டதும் நீட்டின கை அப்படியே நின்றது.

"மாம்பழம் போட்ட கிண்ணம் எங்க உம்மா?"

"ரெண்டையும் சேத்துட்டேன். இதுக்குள்ளதான் ஈக்கு. பிஸ்மி சொல்லிச் சாப்பிடு."

அவள் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை. எழும்பினாள். "எனக்குப் பசிக்கல்ல" என்றாள்.

"ஏன், எங்கூடச் சாப்பிட ஏலாதா?" என்று கேட்டேன். குரல் கூடிவிட்டது. கூடத்தில் ஆம்பிளைகள் பேச்சை நிறுத்தியது கேட்டது. மகளின் கண் நிறைந்துவிட்டது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சஹனுக்கு முன்னால் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். இனிப்பு, உப்பு, புளிப்பு, உறைப்பு எல்லாம் ஒன்றாக வந்தன. அழுகையும் வந்தது. சாப்பாடு நன்றாக இருக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்ன பாவம் செய்தேன் என்று என் பிள்ளை என் தட்டில் கை வைக்கமாட்டேன் என்கிறாள்?

மருமகன் பாதியில் எழும்பிக் கை கழுவிவிட்டு உள்ளே வந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் தாச்சியைக் கழுவி அடுப்பை மூட்டினார். வேறாக எடுத்துக் கோப்பையில் மிச்சமிருந்த கோழியைத் தாச்சியில் போட்டார். இன்னொரு மாம்பழத்தை எடுத்துச் சீவத் தொடங்கினார்.

"அன்னாசிதானே கெடக்கு மகன். எதுக்கு இன்னொரு மாம்பழம்?"

"இது ஒங்க மகளுக்கு மாமி. அவங்களுக்கு அன்னாசி வாணாம்."

"அவளுக்கா? சின்னதுலயிருந்து அன்னாசி எண்டா உசிர விடுவாளே."

அவர் மாம்பழத்தைச் சீவிக்கொண்டே இருந்தார். காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்னாசி வேண்டாம். தாளிக்கிற வாசம் வேண்டாம். கருவாடு வேண்டாம். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கு எப்போது அன்னாசி கொடுக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? போன வருஷம் அவளைச் சுற்றியிருந்த பப்பாசி, அன்னாசி எல்லாவற்றையும் வீட்டை விட்டே அப்புறப்படுத்தியவள் நான்தானே. யா அல்லாஹ், அதே கையால் இன்றைக்கு அன்னாசியை அவள் சோற்றில் பிரட்டி வைத்திருக்கிறேன். தேங்காய் திருவுகிற பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பயிருந்து மகன்?" என்று கேட்டேன்.

"அவங்க சொல்லட்டும் மாமி" என்றார். என்னைப் பார்க்காமல் கிண்ணத்தில் சோறு போட்டு, கோழியை வைத்து, மாம்பழத்தை அடுக்கி என் கையில் தந்தார். அவர் தந்ததை நேரே கையில் வாங்கியது அதுதான் முதல் தடவை. முக்காடு நழுவியிருந்ததை நான் கவனிக்கவும் இல்லை.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே நேரம் நெஞ்சில் முள் தைத்த மாதிரியும் இருந்தது. பெற்றவள் நான் ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குச் சொல்லவில்லையே. எங்கிருந்தோ வந்த மனிதருக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லையே. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கிண்ணத்தோடு அறை வாசலில் நின்றேன். பிறகு கதவைத் தள்ளினேன்.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள், மாம்பழத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அவர் சொன்னாரா?"

"அவர் வாயத் தொறக்கல்ல."

கிண்ணத்தை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நாலந்தாவுல வீடு பாத்தது இதுக்குத்தான் உம்மா. கொஞ்ச மாசம் போகும் வரைக்கும் அங்க போய் இரிக்கலாம் எண்டு யோசிச்சோம். இங்க இருந்தா…"

மிச்சத்தை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. இங்கே இருந்தால் உம்மாவுக்குத் தெரிந்துவிடும், உம்மாவுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். நான் என்ன உனக்கு எதிரியா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. பல்லேபொல மச்சிக்கு மட்டும் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்றும் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? இரண்டையும் விழுங்கினேன்.

"போன தடவ மாதிரி ஆனா, திருப்பி அத்தன பேருக்கும் பதில் சொல்ல எனக்கு ஏலாது உம்மா" என்றாள். "இந்த முறை யாருக்கும் சொல்லாம ஈப்பீங்களா?"

"எதை?" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை மடியில் வைத்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள்.

"நாலந்தா வீட்ட வாணாம் எண்டு சொல்லச் சொல்றேன்" என்றாள்.