எரிமலைத் தவளையும் என் தமிழ்க் காதும்

அந்த வீடியோ கேமை வாங்கி வந்தது துபாயிலிருந்த என் மச்சினன். ஆனால் அதனால் வீட்டில் எது நடந்தாலும் குற்றவாளி நான். தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்துத் தமிழர் தெருவான வலியசாலையில் எங்கள் வீட்டுச் சட்டம் அப்படி.

உள்ளங்கையளவு பெட்டி, சாம்பல் நிறத் திரை, நான்கு பேட்டரி. காட்டில் திரியும் குட்டிப் பூதங்களைப் பிடித்து வளர்த்து மற்ற பூதங்களோடு மோதவிட வேண்டும். பத்து வயது மகள் மூன்றை வளர்த்திருந்தாள். பெயர் வைக்க ஐந்து ஆங்கில எழுத்துக்குத்தான் இடம். தண்ணீர் பீய்ச்சும் ஆமைக்குப் பூசணிக்காய்க் கூட்டின் பெயரான ஓலன், இடி இறக்கும் வௌவாலுக்கு ரசம். பாறைத் தோல் பன்றிக்கு அவியல் என்று வைக்கப்போய், கடைசி எழுத்து நுழையாமல், அது வெறும் 'அவிய' ஆகிவிட்டது.

கடைசிக் குகையில் ஒரு எரிமலைத் தவளை உட்கார்ந்திருந்தது. அதை வீழ்த்த ஓலனின் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் அந்தக் குகைக்குள் விழுந்த பூதம் போனது போனதுதான், திரும்ப வராது. ஓலன் அவள் பிடித்த முதல் பூதம். ஆகவே இரண்டு வாரமாக உள்ளே போகவும் மனசில்லாமல், விட்டுவிட்டு வரவும் மனசில்லாமல் குகை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கணக்குப் புத்தகம் திறக்கப்படவே இல்லை.

"ஏன்னா, அடுத்த திங்கக்கிழமை பரீட்சை. ஒண்ணு நீங்க அந்தத் தவளையைக் கொல்லுங்கோ, இல்லேன்னா நான் பெட்டியைக் கிணத்துல போடறேன்" என்றாள் மனைவி. தம்பி வாங்கி வந்த பெட்டி என்ற கரிசனம்கூட இல்லை.

மகள் இரண்டு கையாலும் பெட்டியை நீட்டினாள். "அப்பா, நீ தோத்தாலும் பரவாயில்லை. ஓலன் மட்டும் திரும்பி வரணும்."

'ஒரு ஆமைதானேடி' என்று சொல்ல வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து அதைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டேன்.

எனக்கு இதில் ஒரு மண்ணும் தெரியாது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கை மலையாளி நண்பர், என்னைவிட எட்டு வயது இளையவர், இந்த விஷயத்தில் புலி. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தரண்ணா இது? இந்த ஆமையை வெச்சா தவளையோட மல்லுக்குப் போறது? அது ஒரு தும்மல் தும்மினா இது சூப்பு!"

விடுப்பு விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் அவர் திட்டம் வரைந்தார். தவளை இரண்டு முறை சும்மா அடிக்கும். மூன்றாம் முறை வயிறு வீங்கும். அடுத்தது தீ. வயிறு வீங்கினதும் ஓலனை வெளியே எடுத்து அவியவை உள்ளே விட வேண்டும். அவியவின் தோலில் தீ பிடிக்காது. தீ அணைந்ததும் மறுபடி ஓலன், மறுபடி தண்ணீர்.

"இத்ரயே உள்ளூ, அவ்வளவுதான். வயிறு வீங்கினா மாற்று. பேடிக்கண்டா அண்ணா, நான் பக்கத்துல இருப்பேன்."

பயப்பட வேண்டாமாம்! ஒரு வாரம் மதிய இடைவேளை முழுக்கப் புல்வெளியில் ஓலனை மேலும் கீழும் நடத்தி, கிடைத்த பூச்சி புழுவையெல்லாம் அடிக்கவைத்து பலமேற்றினேன். ரேஷன் கடை வரிசையில் நின்றுகூட நடத்தினேன். மாலையில் மகள் பரிசோதனை செய்வாள். "மணி மாட்டினியா? காப்பு மாட்டினியா?" சண்டை நடுவிலும் பூதத்தின் கழுத்தில் மணியை மாட்டலாம், கொஞ்சம் தெம்பு வரும். இந்த 'மாட்டு' என் மண்டையில் ஆணியடித்து உட்கார்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தார் பொன்முடிக்குச் சுற்றுலா. மறுநாள் பரீட்சை, வேறு நாள் கிடையாது. கல்லாற்றில் டீ குடிக்க நிறுத்தியபோது புது பேட்டரி போட்டுக்கொண்டு, பஸ் மலையேறத் தொடங்கியதும் ஓலனோடு குகைக்குள் நுழைந்தேன்.

முதல் சுற்று பிரமாதம். இரண்டாவதும். தவளையின் உயிர் பாதியாகிவிட்டது. நண்பர் என் தொடையில் அடித்து, "அண்ணன் ஆளு கொள்ளாமல்லோ!" என்றார். இந்தப் பாராட்டைக் கேட்டதுதான் வினை. கொண்டை ஊசி வளைவில் பஸ் சாய, மரநிழல் திரையை மறைக்க, தவளையின் வயிறு உப்பியது.

"மாற்றண்ணா, மாற்று!"

மலையாளி வாயில் 'மாற்று' கிட்டத்தட்ட 'மாட்டு' என்றுதான் ஒலிக்கும். திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் பயம் வந்தால் என் காது மட்டும் மலையாளத்தை மறந்து வலியசாலைக்கு ஓடிவிடும். பையைத் திறந்தேன். மணியை எடுத்தேன். ஓலன் கழுத்தில் ஒழுங்காக மாட்டினேன்.

"மாட்டிட்டேன்!" என்றேன் வெற்றிக் குரலில்.

"எந்தர் மாட்டி?" நண்பர் எட்டிப் பார்த்தார். "அய்யோ! மாற்றான் பறஞ்ஞா, பூதத்தை மாத்தச் சொன்னா, மணியா கெட்டுறது? இது என்ன, கோயில் மாடா?"

தவளை வாயைத் திறந்தது. திரையில் ஓலன் மணியோடு, வெந்து ஓலனாகப் போவதற்குத் தயாராக நின்றது. அதன் உயிர்க்கோடு மளமளவென்று குறைந்துகொண்டே வர, நான் செய்தது ஒன்றே ஒன்று. பெட்டியைக் கவிழ்த்து, மூடியைப் பிய்த்து, நான்கு பேட்டரியையும் உருவி எறிந்தேன். ஒன்று ஹெட்கிளார்க்கின் செருப்பருகே உருண்டது.

நண்பர் குனிந்து பேட்டரிகளைப் பொறுக்கித் தந்தார். அப்புறம் மெதுவாக, "ஓடிட்டிருக்கும்போ பேட்டரி ஊரினா, சேவ் பண்ணினது மொத்தம் சிலப்போ போவும், அண்ணா" என்றார்.

"மொத்தம்னா?"

"மொத்தம்னா மொத்தம். ஆமை, பன்னி, வௌவால் எல்லாம். பேட்டரி போட்டு நோக்கணும்."

நான் நோக்கவில்லை. பொன்முடியில் மூடுபனி, தேயிலை, எல்லோரும் ஆகாவென்கிறார்கள். நான் பெட்டி இருந்த சட்டைப் பையைப் பிடித்தபடி நின்றேன். குழுப் படத்தில் நெஞ்சுவலிக்காரன் மாதிரி இருப்பவன் நான்தான்.

வீட்டு வாசலிலேயே மகள் பிடித்துக்கொண்டாள். நடந்ததைச் சொன்னேன். மணி மாட்டியது வரை பொறுமையாகக் கேட்டாள். பேட்டரி என்றதும் முகம் வெளுத்தது.

"நடுவுல உருவினியா? அப்பா!"

பேட்டரியைப் போட்டாள். திரை வெள்ளையாக நின்றது. கோடுகள் ஓடின. மறுபடி வெள்ளை. நான் செருப்பு வைக்கும் பலகையில் உட்கார்ந்தேன். அப்புறம் குகை வாசல் வந்தது. அங்கே, முந்தின நாள் ராத்திரி சேவ் செய்த இடத்தில், கழுத்தில் மணியில்லாமல், முழு உயிரோடு ஓலன் நின்றது.

மகள் பெட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று கையை விரித்தேன். அவள் நேரே சமையலறைக்குப் போனாள்.

"அம்மா, பரீட்சை முடியற வரைக்கும் இதை நீயே பூட்டி வெச்சுக்கோ. நான் கேட்டாலும் குடுக்காதே." ஒரு நிமிடம் யோசித்து, குரலைத் தாழ்த்தி, ஆனால் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள். "அப்பா கேட்டா கண்டிப்பா குடுக்காதே."

கணக்குப் புத்தகம் திறக்கும் சத்தம் கேட்டது.