வாச்சர் மாமாவின் எண்ணெய்ப் போத்தல்

வாச்சர் வீராசாமி மாமா இறந்த செய்தி எனக்குப் பீலிக்கரையில் கிடைத்தது. திங்கட்கிழமை, பாடசாலைக்குப் போகுமுன் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அப்பா, யார் முகத்தையும் பார்க்காமல், “வாச்சர் போயிட்டாரு” என்றார். குடம் நிறைந்து வழிந்தது. நான் அதை எடுக்கவில்லை. முந்தைய நாள் விடியற்காலை, காவலில் இருந்தபோது, தோட்டத்து மரக்கறிப் பாத்தியில் காட்டுப்பன்றி அவரைக் குத்தியிருந்தது. அவர் கையில் துவக்கு இருந்தது. அது வெடிக்கவில்லை.

நாளைக் காலை அவருடைய கருமாதி. அவரை அறிந்த உங்கள் முன் வாசிக்க ஓர் அஞ்சலி எழுதும்படி எங்கள் தமிழ் ஆசிரியை சொன்னார். ஒன்று எழுதிக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார். நான் செய்தது அதில் இல்லை. அதனால் வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, விளக்கைப் பெட்டிக்குப் பின்னால் மறைத்துவைத்து, இதை எழுதுகிறேன்.

துவக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்துடையது. சண்டைக் காலம் முழுவதும் போலீசில் கிடந்து, சண்டை ஓய்ந்தபின் துருவோடு திரும்பி வந்தது. ஒற்றைக் குழல். பின்னால் சிறிய சுத்தியல் போன்ற ஒரு துண்டு இருக்கும். அதைப் பெருவிரலால் இழுத்துவிட்டுத்தான் சுட வேண்டும். மாமா ஒவ்வொரு சனிக்கிழமையும் லயத்து வாசலில், வெயிலில் உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்வார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கம்பியில் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்தால் கரி வரும். பிறகு காய்ந்த துணியால் துடைப்பார். “மண்ணெண்ணெய் கழுவுறதுக்குத்தான். அதோட விட்டா ரெண்டு நாள்ல துரு புடிச்சிரும்” என்பார். எண்ணெய் அதற்குப் பிறகுதான்.

ஒருநாள் ஃபெக்டரி மெக்கானிக் டேவிட் அண்ணன், எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை ஒரு டின்னில் கொண்டுவந்தார்.

“சும்மா கெடக்குது வாச்சரே, இதப் பூசுங்க. எஞ்சினே இதுல ஓடிச்சு.”

“இதப் பூசுனா பன்னி வர்றப்ப நான்தான் ஓடணும்” என்றார் மாமா. “அழுக்கெல்லாம் சேந்து பசையா போயிரும். நம்ம கந்தப்பளைக் குளிருக்கு மெல்லிசு எண்ணெய் வேணும். தையல் மெசினுக்குப் போடுறது.”

“அப்ப துவக்கால சட்டை தைக்கப் போறீங்க.”

“ஒனக்குத்தான் மொதல்ல.”

சுத்தியலின் அடியில் ஒரே ஒரு சொட்டு விட்டார். இன்னும் கொஞ்சம் விடச் சொன்ன டேவிட் அண்ணனிடம், “இது என்ன வடையா, எண்ணெயில மெதக்க?” என்றார்.

தேங்காய் எண்ணெயைப் பற்றியும் அவர் சொன்னதுண்டு. அவருடைய மனைவி பாக்கியம் அத்தைதான் எனக்குத் தலை பின்னிவிடுவார். போத்தலைக் கவிழ்த்துக் குலுக்குவார், குளிரில் உறைந்த எண்ணெய் வராது. அதனால்தானே நம் எல்லார் வீட்டிலும் அந்தப் போத்தல் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது? மாமா அதைப் பார்த்துவிட்டு, “தலைக்குன்னா சூட்டுல உருகிரும். துவக்குக்கு ஏது சூடு?” என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் காதில் விழுந்தது.

பன்றி குத்துவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, எனக்குக் கந்தப்பளை டவுனில் வகுப்பு. வரும்போது தையல் மெசின் எண்ணெய் வாங்கி வரச் சொன்னார் மாமா. வாங்கினேன். பஸ்ஸில் மூடி கழன்று எண்ணெய் முழுவதும் என் புதுப் புத்தகங்களில் ஊறிவிட்டது. மாமாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். ஆனால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். இன்னொரு முறை புத்தகத்தைப் பாழாக்கினால் டவுன் வகுப்பை நிறுத்திவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். வீட்டில் யாரும் இல்லை. அடுப்பருகே தேங்காய் எண்ணெய் தண்ணீர் போல உருகியிருந்தது. அதை அந்தச் சின்னப் போத்தலில் ஊற்றிக்கொண்டு போனேன்.

மாமா மூடியைத் திறந்தார். “தேங்காய் எண்ணெய் மணக்குதே?”

“என் தலைதான் மாமா. இப்பதான் வச்சேன்.”

“சரி சரி. எனக்கு மண்ணெண்ணெய் மட்டுந்தான் மணக்கும்னு நெனச்சேன்.”

வெயிலில் சுத்தியல் லேசாகப் போய் வந்தது. அவர் திருப்தியோடு எழுந்து போனார்.

மறுநாள் விடிந்தபோது புல் முழுக்க உறைபனி. அப்பா ஓடிப் போனபோது மாமா கோவாப் பாத்தியில் கிடந்தார். “புள்ளய ஏசாதீங்க” என்று இரண்டு முறை சொன்னாராம். கொழும்பில் வேலை செய்யும் மகளைச் சொல்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். பன்றி பாய்ந்து வரும்போது பெருவிரல் அந்தச் சுத்தியலை இழுத்திருக்கும், அது அசைந்திருக்காது. அடியில் வெள்ளையாக உறைந்திருந்ததை அவர் பார்த்திருப்பார். யார் வாங்கி வந்த எண்ணெய் என்பது அவருக்குத் தெரியும்.

வாச்சர் துவக்கைச் சுத்தம் செய்யாமல் போட்டிருந்தார், அதனால் தோட்டத்துக்குப் பொறுப்பில்லை என்று தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் எழுதி வைத்திருக்கிறார். நாளை வந்து அத்தையிடம் கையெழுத்து வாங்கப்போகிறார். நேற்று அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டே, “சனிக்கிழம தவறாம தொடச்சாரு. நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் விரல்களில் தேங்காய் எண்ணெய் இருந்தது. நான் அழுதேன். மாமாவை நினைத்து அழுகிறேன் என்று என்னை அணைத்துக்கொண்டார்.

மாமாவுடையதாக என்னிடம் இருப்பது அந்தப் போத்தல்தான். அவர் இறந்த அன்று அவர் வீட்டுச் சன்னலிலிருந்து எடுத்து ஒளித்தேன். எறிந்துவிட இரண்டு தரம் ஆற்றுக்குப் போனேன். எறிய முடியவில்லை. தப்பு எண்ணெயில்தான், அவர் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. நாளை கிளாக்கர் பேனாவை எடுக்குமுன் இதை வாசித்துவிட்டு, உங்கள் எல்லார் முன்னாலும் போத்தலைக் கவிழ்த்துப் பிடிப்பேன். ஒரு சொட்டும் விழாது. அப்பா என்ன செய்வாரோ தெரியாது. அத்தை இனி என் தலையைத் தொடுவாரா என்பதும் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது.

வெயில் ஏறினால் உருகிவிடும். போத்தலை அடுப்பிலிருந்து தள்ளி, சன்னலுக்கு வெளியே பனியில் வைத்திருக்கிறேன்.