மூன்று மணிக்கு மேல் உடைத்த ஸ்டேடியம்

கட்டுமானத் தளத்தில் மற்ற எல்லாருக்கும் வேலையை நடத்துவதற்குச் சம்பளம். சுற்றுச்சூழல் அதிகாரிக்கு மட்டும் 'கொஞ்சம் நிறுத்துங்கள்' என்று சொல்வதற்குச் சம்பளம்.

நான் பல வருடம் நாளிதழ் நிருபராக இருந்தவன். மற்றவர்கள் கிளப்பிய தூசியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு சுற்றுச்சூழல் அதிகாரிக்கான ஒரு பயிற்சியை முடித்துவிட்டு, தூசி கிளப்புகிற பக்கத்திலேயே வேலைக்குச் சேர்ந்தேன். இடம், மலாக்காவில் புலாவ் செபாங்கிலிருந்து அதிகத் தூரமில்லாத ஒரு சிறிய ஊரின் பொது ஸ்டேடியம். பழைய சிமெண்டுப் படிகளை உடைத்துவிட்டுப் புதிதாக இருக்கைகள் கட்ட வேண்டும். தூசியும் சத்தமும் சகதியும் வேலியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மூன்றும் தாண்டின. பக்கத்து மனையில் யாரோ எதையோ உடைத்துக்கொண்டிருக்க, ஜன்னலைச் சாத்திக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஜன்னலில் என் பத்திரிகை

உடைக்கத் தொடங்கிய முதல் வாரம், காலை பத்து மணிக்கு ஒரு பெண் எங்கள் தள அலுவலகத்துக்குள் வந்தார். நைட்டியின் மேல் ஒரு துண்டு, சிவந்த கண்கள். பெயர் தனலெட்சுமி. ஸ்டேடியத்தை ஒட்டிய அடுக்குமாடியில் நான்காவது மாடி. மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இரவு முழுக்க உருப்பெருக்கியில் குனிந்து, பழுதான சில்லுகளைப் பிரித்தெடுக்கும் வேலை. காலையில் ஃபேக்டரி பஸ் கொண்டுவந்து விடும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவர் படுக்கிற நேரத்தில் எங்கள் உடைக்கும் இயந்திரம் எழுந்துகொள்ளும். இரண்டு நாளுக்கு முன் உருப்பெருக்கியிலேயே நெற்றியை வைத்துத் தூங்கிவிட்டாராம். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். தனலெட்சுமி இன்னும் சோதனைக்காலத்தில்தான் இருக்கிறார். இன்னொரு தடவை தூங்கினால் வேலை நிரந்தரமாகாது என்று சொல்லிவிட்டார்கள். முன்பு இருந்த ஃபேக்டரி மூடிவிட்டது. இதையும் விட்டால் வேறு போக்கு இல்லை.

அவருடன் வெளியே வந்து அடுக்குமாடியை அண்ணாந்து பார்த்தேன். அத்தனை நாள் கண்ணில் படாதது அப்போதுதான் பட்டது. நல்ல வெயிலில் பாதி ஜன்னல்கள் மூடிக் கிடந்தன. கறுப்புத் துணி, பழைய பாய், அட்டைப்பெட்டி. காவலாளிகள், தாதியர், தொழிற்சாலைப் பெண்கள் என்று பாதிக் கட்டடம் பகலில்தான் தூங்குகிறது. நான் முன்பு பேப்பரில் இருந்தவன், மக்கள் கஷ்டம் தெரிந்தவன் என்று ஏதோ சொல்லிவைத்தேன். எந்தப் பேப்பர் என்று கேட்டார். சொன்னேன்.

"அந்தப் பேப்பரதாண்ணே ஜன்னல் பூரா ஒட்டியிருக்கேன். வெளிச்சத்த நல்லா மறைக்குது. சத்தத்துக்குத்தான் ஒண்ணும் பண்ண மாட்டேங்குது."

சட்டப்படி பகல்

திட்ட மேலாளர் லிம் நல்ல மனிதர். ஆனால் அவர் கையில் அட்டவணை இருந்தது. வேலியோரம் வைத்திருந்த ஒலிமானி அனுமதித்த அளவுக்கு உட்பட்டே காட்டியது. இரவில் சத்தம் போட்டால்தான் கெடுபிடி. பகலில் விதி தாராளம். விதி எழுதியவர்கள் ராத்திரி தூங்குகிறவர்கள் போலிருக்கிறது. தனலெட்சுமியின் நிலைமையை நான் எடுத்துச் சொல்ல, லிம் ஒலிமானியை என் பக்கம் திருப்பிவைத்தார். நாங்கள் இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அவர் வாக்கியக் கடைசியில் வழக்கமாகப் போடும் 'லா'வை மட்டும் அப்படியே விட்டு, சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"பகல்ல தூங்குறதுக்குச் சட்டத்துல இடம் இல்ல, லா."

துணி காயவைத்த தடுப்பு

இருந்தாலும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அடுக்குமாடிப் பக்கம் ஒரு சத்தத் தடுப்பு எழுப்பினோம். தடித்த மெத்தை போன்ற விரிப்புகளைக் கம்பிச் சட்டத்தில் தொங்கவிட்ட சுவர் அது. இரண்டு மாடி உயரம். தனலெட்சுமி இருந்தது நான்காவது மாடி. சத்தம் தடுப்புக்கு மேலே ஏறி நேராக அவர் வீட்டுக்குப் போயிற்று.

மறுவாரம் பார்த்தால் தடுப்பின் வெளிப்பக்கச் சட்டம் முழுக்க சாரோங்கும் பள்ளிச் சீருடையும் தொங்கிக்கொண்டிருந்தன. கீழ்த்தளத்து அக்கா ஒருவர் கிளிப்போடு நின்றார். கம்பி சாய்ந்துவிடும், எடுங்கள் அக்கா என்றேன். எடுத்தார். ஆனால் எங்கள் மனம் நோகக்கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

"சத்தம் குறையல தம்பி. ஆனா நீங்க வச்சதுலருந்து துணில தூசி இல்ல. அத மட்டும் கழட்டிறாதீங்க."

படுத்துவிட்ட வேலி

சகதி ஓடாமல் இருக்கத் தளத்தைச் சுற்றித் துணி வேலி ஒன்று கட்டியிருந்தோம். மழை நீர் கசிந்து போகும், மண் தங்கிவிடும். ஸ்டேடியத்துக்குப் பின்னால் போகும் கால்வாய் நேராக ஆற்றில் விழுவதால், இந்த வேலிதான் எங்கள் மானம். ஆற்று நீர் கலங்கி யாராவது புகார் கொடுத்தால் மொத்த வேலையையும் நிறுத்திவிடுவார்கள்.

ஒருநாள் விடியற்காலை முதல் பேய்மழை. நான் வீட்டிலிருந்து இன்னும் கிளம்பவில்லை. கைப்பேசியில் தனலெட்சுமி. பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும் வழியில், கால்வாய்ப் பக்க வேலி சாய்ந்து பால் தேநீர் போல, தேத்தாரே நிறத்தில் தண்ணீர் ஓட ஆரம்பித்திருப்பதைப் பார்த்திருக்கிறார். என்னிடம் சொன்னதோடு நிற்காமல், எங்கள் காவலாளியை எழுப்பி, இரண்டு பேருமாக மணல் மூட்டைகளை இழுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கால்வாயில் கலங்கல் அதிகம் இறங்கியிருக்கவில்லை. அவர் குடைக்குள் நனைந்துபோய், காலில் சேற்றோடு நின்றார். எங்களால் தூக்கம் கெட்டவர் எங்களுக்காக மூட்டை தூக்கியிருக்கிறார். நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"உங்க வேலி என்னமா படுத்துத் தூங்குது பாருங்கண்ணே. அதுக்குக் குடுத்துவச்சிருக்கு."

நான்காவது மாடியில் ஒரு கிளாஸ் தே

அந்த மழை நாளில் வேலை நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது லிம்முக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நேரில் போய் நன்றி சொல்லலாம் என்றேன். பிஸ்கட் டின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். காலை பத்தரைக்கு அழைத்துப் போனேன். அந்த நேரத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

தனலெட்சுமி தே கலக்கிக் கொடுத்தார். கீழே இயந்திரம் உடைக்க ஆரம்பித்தது. மேஜையில் கிளாஸ்கள் மெல்ல நகர்ந்தன. லிம் கத்திப் பேசினார். பிறகு பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் மடியிலிருந்த கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தது, அவருக்குக் கேட்கவில்லை, நான்தான் காட்டினேன். கிளாஸைத் திருப்பிக் கொடுக்க அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார். ஃபிரிட்ஜுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு தலையணை, ஒரு போர்வை. வீட்டிலேயே ஸ்டேடியத்துக்குத் தூரமான இடம் அதுதான் என்றார் தனலெட்சுமி, வெட்கத்தோடு.

லிம் காலணியை மாட்டிக்கொண்டு என்னோடு படியிறங்கினார். கீழே வந்ததும் சொன்னார்:

"நாளையிலருந்து மூணு மணிக்கு மேலதான் உடைக்கணும். காலையில கல்லு அள்ளட்டும், லாரியில முதல்ல மண்ணக் கொட்டி அது மேல சத்தமில்லாம போடட்டும். யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லாத, லா."

நான்கு மணி வகுப்பு

மூன்று மணி என்று முடிவாயிற்று. தனலெட்சுமி எழுந்துவிடும் நேரம். ஆறு மணிக்கு அவரை ஃபேக்டரி பஸ் ஏற்றிக்கொள்ளும். உடைக்கும் இயந்திரத்தை ஓட்டிய மணியத்துக்கு மாலையில் உருமி மேளக் குழுவின் ஒத்திகை உண்டு. அதை ஏழரைக்குத் தள்ளிவைத்துக்கொண்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த அன்றே, தள அலுவலக வாசலில் ராஜரத்தினம் ஆசிரியர் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஓய்வு பெற்றவர். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நான்கு மணிக்குக் கணித வகுப்பு நடத்துகிறார். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நெருங்குகிறது.

ஒருவர் தூக்கத்தைக் காப்பாற்றப் போய் பத்துப் பிள்ளைகளின் கணக்கைக் கெடுத்துவிட்டோம். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார். தனலெட்சுமியின் மூத்த பையன் அவரிடம்தான் படிக்கிறான், அவன் சொல்லி விஷயம் தெரியும். புகார் சொல்ல அவர் வரவில்லை. வகுப்பைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றக் கோயில்காரர்களிடம் முன்பே பேசிவிட்டு, எங்களுக்குத் தெரிவிக்க வந்திருந்தார்.

"கணக்கை எங்க வச்சும் சொல்லிக் குடுக்கலாம் தம்பி, நித்திரைய அப்பிடி இடம் மாத்த ஏலாது. மண்டபத்து ஃபேன்தான் சுத்துறேல்ல, அதை உங்கட ஆக்கள் பாக்கோணும்."

பால்குடத்துக்கு முன்னால் ஒரு லாரி

தூசியை அடக்க எங்களிடம் ஒரு தண்ணீர் லாரி உண்டு. ஓட்டுநர் பாக் டின். ரப்பர்த் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த மலாய்க்காரர். கோபம் வந்தால் தமிழில்தான் திட்டுவார். பங்குனி உத்திரத்தன்று கோயில் பால்குடம் ஸ்டேடியச் சாலை வழியாக வருவதால் அன்றைக்கு உடைப்பதை முழுதாக நிறுத்தியிருந்தோம். வெளியே எட்டிப் பார்த்தால், ஊர்வலத்துக்கு முன்னால் எங்கள் லாரி ஊர்ந்துபோய்க்கொண்டிருந்தது, சாலையை நனைத்தபடி. தார் உருகுகிற வெயில். பின்னால் மஞ்சள் சேலையில் பெண்கள் வெறுங்காலோடு வந்தார்கள். அவர்களில் தனலெட்சுமியும் இருந்தார். இரவு வேலை முடித்து நேராகக் கோயிலுக்குப் போய்க் குளித்துவிட்டுக் குடம் தூக்கியிருக்கிறார். வேலை நிரந்தரமாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டது.

தளத்துக்கு வெளியே லாரி போக வேண்டுமானால் என்னிடம் கேட்க வேண்டும். ஓடிப் போய்ப் பக்கத்தில் நடந்துகொண்டே, யார் அனுப்பியது என்றேன். பாக் டின் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னைக்குத்தான் உள்ள ஒருத்தனும் உடைக்கலயே, அங்க எந்தத் தூசிய அடக்குறது? தள்ளி நடங்க, உங்க ஷூ நனையுது."

கடைசிப் படி

மூன்று மணிக்கு மேல் மட்டுமே உடைத்ததால் வேலை இழுத்தது. லிம்மை மேலிடத்தில் இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டார்கள். என்ன பதில் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. நேரம் மட்டும் மாறவில்லை. ஒருநாள் மாலை கடைசிப் படியும் பொடியாயிற்று. மறுநாள் காலை மணியம் தன் இயந்திரத்தை டிரெய்லரில் ஏற்றிச் சங்கிலி பூட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது தனலெட்சுமி வந்தார். ஃபேக்டரி உடுப்பைக்கூட மாற்றவில்லை. கையில் ஒரு டப்பா நிறைய கேசரி. எனக்கு ஒரு கரண்டி, மணியத்துக்கு இரண்டு, லிம்முக்கு மூடியில் எடுத்துவைத்தார். முந்தைய இரவு கூப்பிட்டுக் கடிதம் கொடுத்துவிட்டார்களாம், வேலை நிரந்தரம். அன்றைக்கு ஒரு தடவை தூங்கியதோடு சரி, பிறகு ஒரு குறையும் இல்லை என்று அந்த சூப்பர்வைசரே சொன்னாராம். மணியம் சங்கிலியை விட்டுவிட்டு, கேசரிக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றார். லிம் மூடியைக் கையில் பிடித்தபடி, இரவு ஷிப்டு எப்படிப் போகிறது என்று கேட்டார். நிரந்தரமானவர்களைப் பகலுக்கு மாற்றிவிடுவார்கள், திங்கட்கிழமையிலிருந்து பகல் ஷிப்டு என்றார் தனலெட்சுமி. பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்து, பெரிய மனதோடு அனுமதி கொடுத்தார்:

"இனிமே காலையிலயே உடைங்கண்ணே, எவ்ளோ வேணும்னாலும் உடைங்க. நான்தான் வீட்டுலயே இருக்க மாட்டேனே."

சுற்றுச்சூழலை நாங்கள் எவ்வளவு காப்பாற்றினோம் என்பது விவாதத்துக்குரியது. சுற்றியிருந்தவர்கள் எங்களைக் காப்பாற்றியதில் சந்தேகமில்லை.