கடைசி நிரையில் கேட்ட விசில்

மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய பிறகு எங்கள் தோட்டத்தில் கடைசி நிரையை, அதாவது கடைசி மர வரிசையை, யாரும் விரும்பி எடுப்பதில்லை. நியாலாஸ் பக்கத்துத் தோட்டம் அது. அந்த நிரையில் ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் அது என் தலையில் விழுந்தது. கணவருக்கு ரோட்டோர நிரை.

காட்டுக்குள் வெள்ளைக்காரர்களை எதிர்த்த கம்யூனிஸ்ட் ஆட்கள் துப்பாக்கியோடு இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு கொண்டுபோகிறோமா என்று போலீஸ்காரர்கள் தோட்டத்து வாசல் கேட்டில் எங்கள் வாளிகளைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். போலீசிடம் பேசினால் காட்டுக்காரர்கள் விடமாட்டார்கள். பேசாவிட்டால் போலீஸ் விடாது.

ஒரு விடியற்காலை, ரப்பர் பால் வடிய மரம் சீவிக்கொண்டிருந்தபோது காட்டுக்குள்ளிருந்து விசில் கேட்டது. மெல்லிய, நீளமான விசில். சற்று நேரத்தில் வேறு பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது. கத்தி பட்டையைத் தாண்டி மரத்துக்குள் இறங்கிவிட்டது. ஆட்கள்தான் சைகை செய்கிறார்கள் என்று நினைத்தேன். கணவரிடம் சொன்னபோது, "கேட்ட மாதிரியே காட்டிக்காத. வேலையப் பாரு," என்றார்.

அதன்பின் அடிக்கடி கேட்டது. பனி மூடிய ஒரு காலையில் காட்டோரம் ஏதோ வெள்ளையாக அசைந்தது. வேட்டி கட்டிய ஆள் குனிந்திருக்கிறான் என்று மரத்தோடு ஒட்டிக்கொண்டேன். அது திரும்பியது. பன்றியைவிடப் பெரிய மிருகம். முன்பக்கமும் கால்களும் கறுப்பு, நடுவுடல் வெள்ளை, குட்டித் தும்பிக்கை மாதிரி மூக்கு. அந்த உடம்பிலிருந்துதான் அவ்வளவு மெல்லிய விசில் வந்தது.

ஓடிப்போய்ப் பக்கத்து நிரை அக்காளிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. விசிலை அவளும் கேட்டிருக்கிறாள். பயந்துபோய்க் கங்காணியிடம் சொல்லியும்விட்டாள்.

கடைசி நிரை என்னுடையது என்பதால் அன்று மதியமே என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரி உட்கார்ந்திருந்தார். கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணி மொழிபெயர்த்தார். விசிலடித்தது யார் என்று கேட்டார்கள்.

"மிருகங்க ஐயா. முன்னால கறுப்பு, நடுவுல வெள்ள."

கிராணி உடனே மொழிபெயர்க்கவில்லை. "இத சொன்னா நம்புவாங்களாம்மா? நல்லா யோசிச்சு சொல்லு."

"பாத்ததத்தான் சொல்றேன்."

நாளைக்குக் காட்டு என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியுமுன் ராணுவத்தார் என் நிரையில் புதருக்குள் படுத்துக்கொண்டார்கள். நான் வழக்கம்போல மரம் சீவ வேண்டும். முதுகுக்குப் பின்னால் துப்பாக்கிகள், முன்னால் காடு. இன்று விசிலடிப்பது நிஜமாகவே ஓர் ஆளாக இருந்துவிட்டால் என்று நினைத்தபடியே கத்தியை ஓட்டினேன். எந்த மரத்தைச் சீவினேன், எதை விட்டேன் என்று தெரியவில்லை.

விசில் வந்தது. பின்னால் துப்பாக்கிகள் நிமிரும் சத்தம் கேட்டது. இலையை மென்றுகொண்டே அது வெளியே வந்து, மூக்கைத் தூக்கி எங்கள் பக்கம் மோப்பம் பிடித்தது. ஒரு மலாய்ச் சிப்பாய் மெதுவாக, "தெனுக்," என்று அந்த மிருகத்தின் பெயரைச் சொன்னான். அதிகாரி கையைத் தாழ்த்தினார். யாரும் சுடவில்லை. அது திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது. இலைகூட அசையவில்லை.

ராணுவத்தார் ரோட்டுப் பக்கம் நடந்து போனார்கள். நான் மட்டும் நின்றேன். என் பேச்சு பொய்யில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் ராணுவத்தோடு நான் நின்றதைக் காட்டுக்குள்ளிருந்து யாரெல்லாம் பார்த்தார்களோ. அந்த நினைப்பில் பால் எடுக்காமலே வீட்டுக்கு ஓடினேன்.

நிரையை மாற்றித் தரக் கங்காணி மறுத்தார். கடைசியில் கணவர் தன் நிரையை எனக்குக் கொடுத்துவிட்டு அங்கே போனார். அதன்பின் தினமும் பாலை அளந்து கொடுக்கும் ஸ்டோரில் அவருக்கு முன்பே வந்து நிற்பேன். அவர் தலை தெரிகிறவரை யார் பேசினாலும் என் காதில் ஏறாது.